நான்கு நிமிடத்துக்கு ஒரு அறை: யூனிட்டி விண்கலத்தின் உட்புறம்

2004 ஜூன் 21 அன்று மைக் மெல்வில் என்ற 63 வயது விமானி, ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற சின்னஞ்சிறு கலத்தில் ஒற்றை ஆளாக 100 கிலோமீட்டர் உயரம் தொட்டார். தனியார் பணத்தில் கட்டிய கலம் ஒன்று மனிதரோடு விண்வெளியை எட்டியது அதுதான் முதல் தடவை. ஏறும்போதே கலம் கொஞ்சம் தறிகெட்டு ஆடியது. ஆனாலும் உச்சிக்குப் போனதும் மனுஷன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பிடி எம் அண்ட் எம் மிட்டாயை எடுத்துக் காற்றில் விட்டார். கலர் கலராக அவை முகத்துக்கு முன்னால் மிதக்க, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கலத்தின் பெரிய வாரிசுதான் விர்ஜின் கலாக்டிக் நிறுவனத்தின் யூனிட்டி. அதன் கேபினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மிட்டாய்தான். எடையின்மையை அனுபவிக்க அவருக்குத் தேவைப்பட்டவை மூன்றே மூன்று: கொஞ்சம் காலி இடம், வேலையில்லாத ஒரு கை, பயமில்லாத சில விநாடிகள். காசு கொடுத்து வரும் பயணிக்கு இந்த மூன்றையும் ஏற்பாடு செய்து தருவதுதான் யூனிட்டியின் உட்புறத்தை வடிவமைத்தவர்கள் முன்னால் இருந்த வேலை. கேட்பதற்கு எளிது. செய்து முடிக்கப் பதினான்கு வருடம் ஆனது.

2006இல் நியூயார்க்கில் முதல் மாதிரி கேபினைக் காட்டினார்கள். இறுதி வடிவம் வெளியானது 2020 ஜூலை 28 அன்று. கொரோனா காலம் என்பதால் திறப்புவிழா இணையத்தில்தான் நடந்தது. லண்டனைச் சேர்ந்த சீமோர்பவல் என்ற வடிவமைப்பு நிறுவனம் இதில் கூட்டாளி. சீட்டுத் துணியிலும் பயணிகளின் உடையிலும் விளையாட்டு உடை தயாரிக்கும் அண்டர் ஆர்மரின் கை இருந்தது. அப்போது சுமார் 600 பேர் ஏற்கெனவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். ஆரம்ப விலை 2 லட்சம் டாலர். பிறகு இரண்டரை லட்சம், அப்புறம் 2021இல் நாலரை லட்சம்.

கடிகாரம் போட்ட கட்டளை

பறந்துகொண்டிருந்த காலத்தில் யூனிட்டி தரையிலிருந்து ராக்கெட் போலக் கிளம்பாது. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உள்ள ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா ஓடுபாதையிலிருந்து ஈவ் என்ற இரட்டை உடல் விமானம் அதைச் சுமந்துகொண்டு ஏறும். ஈவ் என்பது நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனின் தாயார் பெயர். ஏறக்குறைய 45,000 அடியில் தாய்விமானம் பிடியை விடும். சில விநாடிகள் கலம் சும்மா விழும். பிறகு ராக்கெட் பற்றிக்கொள்ளும். ஒரு நிமிடம் எரியும். வேகம் ஒலியைப் போல மூன்று மடங்கு. மோட்டார் அணைந்த நொடியிலிருந்து எடையின்மை. மேலே எறிந்த கல் போல கலம் உச்சிக்குப் போய்த் திரும்பி, காற்று மறுபடி அதைப் பிடிக்கும்வரை மூன்று நான்கு நிமிடம். பின்னர் கிளைடர் மாதிரி சறுக்கிக்கொண்டே தரைக்கு.

மொத்தப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் மனிதர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுவது அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குத்தான். பெல்ட்டைக் கழற்றவே அரை நிமிடம் தடுமாறினால் டிக்கெட்டில் எட்டில் ஒரு பங்கு போச்சு.

இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்த கேபின் புரியும். வெறும் படங்களைப் பார்த்தால் ஏதோ விலை உயர்ந்த காரின் உட்புறம் போலத்தான் இருக்கிறது. நீளம் சுமார் 3.7 மீட்டர், விட்டம் 2.3 மீட்டர்; நம் ஊர் டெம்போ டிராவலர் வேனின் பின்பகுதி அளவுதான். அதற்குள் ஆறு சீட்டு. கழிப்பறை கிடையாது. பயணிகளுக்குத் தலைக்கவசமோ அழுத்த உடையோ கிடையாது. கேபினுக்குள் நிரப்பிய காற்றை நம்பி, மெல்லிய நீல உடையில்தான் உட்கார்கிறார்கள். இது சௌகரியத்துக்காக எடுத்த முடிவு, அதோடு ஒரு துணிச்சலும் கூட. கனத்த உடையும் கண்ணாடிக் குமிழும் மாட்டிய ஆள் நான்கு நிமிடத்தில் எதையும் ரசிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கேபின் காற்று போனால் அடுத்த காவல் எதுவும் இல்லை என்பதும் உண்மைதான்.

சீட்டு ஏன் சாய வேண்டும்

கேபினில் உள்ள பொருள்களில் அதிகம் யோசித்துச் செய்தது சீட்டுதான் என்பேன். அலுமினியமும் கார்பன் இழையும் சேர்த்துச் செய்த மெலிந்த உடல். சாய்க்கும் விசை பயணியின் கையில் இல்லை, விமானியின் கையில்.

காரணம் உடலியல். புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு விசை உடம்பில் விழும்போது, அது மார்பிலிருந்து முதுகுப் பக்கமாக விழுந்தால் மனிதர் ஓரளவு சுலபமாகத் தாங்குவார். தலையிலிருந்து காலை நோக்கி விழுந்தால் ரத்தம் கீழே இறங்கிவிடும், மூளைக்குப் போகாது, கண் இருட்டும். ராக்கெட் எரியும்போது கலம் முன்னோக்கிப் பாய்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு விசை மார்பில் விழுந்து முதுகைச் சீட்டில் அழுத்தும். சரி, நல்லது. ஆனால் திரும்பி வரும்போது கலம் வயிற்றுப் பக்கம் கீழே தெரிய, இறகுப்பந்து மாதிரி விழுகிறது. வால் பகுதியை மேலே மடக்கிக்கொண்டு, தானே நிலைப்பட்டு விழும் இந்த முறைதான் ஸ்பேஸ்ஷிப்ஒன்னை வடிவமைத்த பர்ட் ருட்டானின் பிரபலமான கண்டுபிடிப்பு. அப்போது விசை தரையை நோக்கி இழுக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அது தலையிலிருந்து கால் நோக்கி வந்துவிடும். ஆகவே அதற்குள் சீட்டு படுக்கை போலச் சாய்ந்திருக்க வேண்டும்.

ஒரே பயணத்தில் ஒரே சீட்டுக்கு இரண்டு நிலை. இந்தத் தேவையிலிருந்தே மூன்றாவது லாபம் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். மிதக்கும் நேரத்தில் சீட்டு சாய்ந்துவிடுவதால் தலைக்குமேல் இடம் விரிகிறது. உடலைக் காப்பாற்றும் அதே சாய்வுதான் மிதக்கும் வெளியையும் உண்டாக்குகிறது. நல்ல தச்சர் ஒரு கட்டையில் இரண்டு வேலை எடுப்பார் இல்லையா, அந்த மாதிரி.

சாய்க்கும் விசையை விமானியிடம் கொடுத்ததில் இன்னொரு அர்த்தமும் தெரிகிறது. யூனிட்டிக்கு முன் அதே வகையில் எண்டர்பிரைஸ் என்றொரு கலம் இருந்தது. 2014 அக்டோபர் 31 அன்று சோதனைப் பறத்தலில் துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி, வால் மடங்கும் அமைப்பின் பூட்டைச் சில விநாடிகள் முன்னதாகவே திறந்துவிட்டார். காற்றின் விசையில் வால் தானாக மடங்கி, கலம் நடுவானில் உடைந்தது. ஆல்ஸ்பரி இறந்தார்; விமானி பீட்டர் சீபோல்ட் பாராசூட்டில் தப்பினார். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ஒரு மனிதரின் ஒரே ஒரு தவறு பேரழிவில் முடியலாம் என்பதைக் கலத்தைக் கட்டிய நிறுவனம் கணக்கில் எடுத்துக் காப்பு வைக்கவில்லை என்று அது முடிவுக்கு வந்தது. அது விமானி அறையின் கதை, கேபின் கதை அல்ல. ஆனால் தேர்ந்த சோதனை விமானிக்கே அவசரத்தில் கை முந்தும் என்றால், வாழ்க்கையில் முதல்முறை மிதக்கும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? யூனிட்டி கேபினில் பயணி அழுத்தித் தீர வேண்டிய பொத்தான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முன்சீட்டின் முதுகில் உள்ள ஸ்கிரீன் உயரம், வேகம் முதலிய விவரங்களைக் காட்டும், அவ்வளவுதான்.

ஜன்னலுக்காக நடந்த பழைய சண்டை

விண்கல வரலாற்றில் பொறியாளருக்கும் பயணிக்கும் ஆதிநாளிலிருந்தே தகராறு ஜன்னல் விஷயத்தில்தான். பொறியாளர் கண்ணுக்கு ஜன்னல் என்பது சுவரில் ஒரு பலவீனம், கூடுதல் எடை. அமெரிக்கா முதன்முதலில் மனிதரை அனுப்பிய மெர்க்குரி கலத்தில் முதலில் இருந்தவை இரண்டு சிறு துளைகள்தான். ஆலன் ஷெப்பர்ட் 1961 மே மாதம் பறந்தபோதும் அவ்வளவே. விண்வெளி வீரர்கள் விடாமல் கேட்டதால்தான் அடுத்துப் பறந்த கஸ் கிரிஸ்ஸத்தின் கலத்தில் உருப்படியான ஜன்னல் வந்தது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தைக் கட்டியபோதும் இதே கதை. நாசா அழைத்து வந்த வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி, சாப்பிடும் இடத்தில் ஜன்னல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1973இல் அங்கே குடியேறியவர்கள் ஓய்வு நேரத்தை அதிகம் செலவழித்த இடம் அதுதான்.

சோவியத் பக்கம் கலினா பலஷோவா என்ற கட்டடக் கலைஞர் 1963இல் ஒரு வார இறுதியில் சோயுஸ் கலத்தின் குடியிருப்புப் பகுதியை வரைந்து கொடுத்தார். தரைக்கு ஒரு நிறம், சுவருக்கு ஒரு நிறம், கூரைக்கு இன்னொன்று என்று அவர் வகுத்ததற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. எடையில்லாத இடத்தில் மேல் எது கீழ் எது என்று காது சொல்லாது. கண் சொல்லியாக வேண்டும்.

யூனிட்டியில் 12 ஜன்னல்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கவாட்டில் ஒன்று, தலைக்குமேல் ஒன்று. இதில் மேல் ஜன்னல் எதற்கு என்று முதலில் தோன்றும். மேலே கருப்புதானே இருக்கும்? சூட்சுமம் விமானியிடம் இருக்கிறது. மோட்டார் அணைந்ததும் அவர் கலத்தைக் குப்புறப் புரட்டிவிடுவார். எடையின்மையில் உள்ளே இருப்பவருக்கு அது விழுவதுபோல் படாது. கூரை ஜன்னல் பூமியின் பக்கம் திரும்பும். தலைக்குமேல் பூமி தொங்கும். 86 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து தொடுவானம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தூரத்தில் விழுகிறது. வளைவு தெரியும், வளைவின் ஓரத்தில் வளிமண்டலத்தின் மெல்லிய நீலக்கோடு தெரியும்.

கட்டடக் கலைஞருக்குக் காட்சி எந்தப் பக்கம் என்பது மாறாத விஷயம். மனையைச் சுற்றி வந்து பார்த்து ஜன்னல் வைப்பார். இங்கே வீட்டையே புரட்டிக் காட்சியை ஜன்னலுக்குக் கொண்டுவருகிறார்கள். உள் அலங்காரமும் விமானியின் பறத்தல் திட்டமும் ஒரே மேஜையில் வரையப்பட்டால்தான் இது நடக்கும்.

ஜன்னலைச் சுற்றி அகலமான, மெத்தென்ற விளிம்பு. அது கைப்பிடியும் கூட. மிதக்கும் ஆளுக்குக் கைப்பிடி என்பது படிக்கட்டுக்குச் சமம். அது இல்லையென்றால் ஒரு சின்னத் தள்ளலில் எதிர்ச்சுவரில் போய் இடித்துக்கொள்வார். ஆனால் கண்ட இடத்தில் கம்பி பொருத்தினால் கேபின் ஏதோ ஆஸ்பத்திரிக் குளியலறை போல ஆகிவிடும். ஆகவே எல்லோரும் எப்படியும் போய் நிற்கப்போகிற இடத்திலேயே, ஜன்னல் விளிம்பிலேயே, பிடிமானத்தை ஒளித்து வைத்தார்கள்.

அந்த விளிம்பில் விளக்கும் உண்டு. பயணத்தின் கட்டத்துக்கு ஏற்ப கேபினின் ஒளி தானாக மாறும். மேலே போனதும் விளக்குகள் அடங்கிவிடும். ஏன் என்று புரிய இரவு ரயிலில் போயிருந்தால் போதும். பெட்டிக்குள் விளக்கு எரியும்வரை ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். விளக்கை அணைத்தால்தான் வெளியே வயலும் நிலவும். கோடிக்கணக்கில் செலவழித்த அந்த அலங்காரம், மிக முக்கியமான நேரத்தில் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. இந்த கேபினில் எனக்கு மிகப் பிடித்த முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கேமராவும் கண்ணாடியும்

இரண்டாவதாகப் பிடித்தது கேமராக்கள். கேபினுக்குள் 16 இருக்கின்றன. நம் கையில் ஒரு போன் இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மணமேடையைப் பார்க்கும் கண்களைவிட ஸ்கிரீனைப் பார்க்கும் கண்கள் அதிகம். நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் செல்ஃபிக்குப் போய்விடும். படம் எடுக்காதே என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் படம் எடுப்பதையே கேபின் ஏற்றுக்கொண்டது. மெல்வில் கையில் மிட்டாய் இருந்தது; இந்தப் பயணிக்கும் கை காலியாக இருக்கட்டும் என்று.

ஆனால் பின்சுவரில் உள்ள அந்தப் பெரிய வட்டக் கண்ணாடி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மிதக்கும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு என்பது நிறுவனம் சொன்ன காரணம். குறுகிய இடத்தை அகலமாகக் காட்டும் என்பதும் உண்மைதான், சலூன் கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி வைப்பதுபோல. ஆனால் விளக்கை அணைத்து முகத்தை ஜன்னலிலிருந்து அகற்றிய அதே வடிவமைப்பு, பின்பக்கம் இன்னொரு முகத்தை வைக்கிறதே! 16 கேமரா எடுத்த படம் தரையில் காத்திருக்கும்போது, தன்னைப் பார்க்க ஒரு விநாடி கூட அங்கே செலவழிப்பானேன்?

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்கு நீலம், பாலைவன மணலுக்குப் பொன்னிறம் என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

பறந்தபோது

2019 பிப்ரவரி 22 அன்று பெத் மோசஸ் யூனிட்டியில் பறந்தார். உள்வேலை இன்னும் முடியாத கேபின். அவர்தான் பயணிகளுக்குப் பயிற்சி தருபவர். முன்பு நாசாவில் வேலை பார்த்தவர். சீட்டில் இருந்து எழுவது, மிதப்பது, திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட் போடுவது என்று எல்லாவற்றையும் தானே செய்து பார்த்தார். வரைபடத்தில் எவ்வளவு யோசித்தாலும், எழுந்தவர் நேரத்துக்குத் திரும்பி உட்கார முடியுமா என்பது மேலே போனால்தான் தெரியும்.

முடிந்த கேபினில் பிரான்சனே 2021 ஜூலை 11 அன்று போனார். பயணியின் அனுபவம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிடுவது அவருக்குக் கொடுத்திருந்த வேலை. கூடவே மோசஸ், காலின் பென்னட், குண்டூரில் பிறந்த சிரிஷா பண்ட்லா. பண்ட்லாவுக்கு மேலே வேறு வேலையும் இருந்தது: ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காகச் செடிகளை வைத்து ஒரு பரிசோதனை. ஜன்னலில் பூமி தொங்கும்போது கையில் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவரின் நிலைமையை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

கேபினுக்கு உண்மையான பரீட்சை 2023 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. பயணிகளில் ஒருவர் ஜான் குட்வின், வயது 80. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் படகு ஓட்டியவர். 2005லேயே டிக்கெட் வாங்கியவர். காத்திருந்த காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. மற்ற இருவர் ஆன்டிகுவாவைச் சேர்ந்த தாயும் மகளும். குலுக்கலில் சீட்டு கிடைத்தவர்கள். நடுங்கும் கை, 18 வயதுக் கல்லூரி மாணவி, பயிற்சியாளராக மோசஸ். மெத்தென்ற விளிம்பும் தானாகச் சாயும் சீட்டும் யாருக்காக என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. மூவரும் நலமாகத் திரும்பினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கலங்கள் உண்டு. ப்ளூ ஆரிஜின் என்ற இன்னொரு தனியார் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டில் விமானியே இல்லை. ஆறு சீட்டுக்கு ஆறு ஜன்னல், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். புரட்டும் வித்தை எதுவும் வேண்டாம், சுவரே ஜன்னல். நேர்மையாகச் சொன்னால் காட்சிக்கு அதுதான் சுலபமான வழி. இன்னொன்று 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன்4 என்ற பயணத்தில் மூன்று நாள் பூமியைச் சுற்றிய, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன். அந்தக் கலத்தின் மூக்கில் இருந்த இணைப்புக் கருவியை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் குமிழை வைத்தார்கள். கழிப்பறையும் அதற்குப் பக்கத்தில்தான், ஒரு திரைச்சீலை மறைவில். உலகத்திலேயே சிறந்த காட்சி கொண்ட கழிப்பறை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பயணத்திலேயே சிறுநீர்க் குழாய் ஒன்று கழன்று தரைக்கு அடியில் கசிந்தது. மூன்று நாள் என்றால் ஆச்சரியத்தோடு சாப்பாடும் தூக்கமும் குழாயும் சேர்ந்து வரும். யூனிட்டிக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணம் என்பதால்தான் அந்த கேபின் அவ்வளவு சுத்தமாக இருக்க முடிந்தது. இதை மறந்துவிட்டு அதை மட்டும் பாராட்டுவது நியாயமாக இருக்காது.

யூனிட்டி மொத்தம் 12 முறை விண்வெளியின் விளிம்புக்குப் போய் வந்தது. அந்த உயரத்தை விண்வெளி என்பதா என்று கேட்பவர்களும் உண்டு: அமெரிக்கா 80 கிலோமீட்டரைக் கோடாக வைத்திருக்கிறது, பல அமைப்புகள் 100ஐ. 2024 ஜூன் 8 அன்று கடைசியாகப் பறந்து ஓய்வுக்குப் போனது. ஒரே கலம், மாதம் ஒரு பயணம் என்ற வேகத்தில் காசு கட்டாது என்று டெல்டா என்ற அடுத்த வரிசைக்கு நிறுவனம் நகர்ந்துவிட்டது. அதில் ஆறு பேர் போகலாம் என்கிறார்கள்.

வேன் அளவு இடத்தில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பெல்ட்டைக் கழற்றினால், யார் கால் யார் முகத்தில் படும், யார் தலை யாருடைய ஜன்னலை மறைக்கும், ஆறு பேரும் நேரத்துக்குத் திரும்பி அவரவர் சீட்டில் படுப்பார்களா என்ற கேள்விக்கு யூனிட்டியில் பதில் இல்லை. அந்த 12 பயணத்திலும் கேபினில் ஏறியவர்கள் அதிகபட்சம் நான்கு பேர்தான்.